பெட்டி கட்டும் வேளையில்

வெளிநாட்டுக்குக் கிளம்புகிற வீட்டில் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், நோயைப் பற்றி மட்டும் பேசக் கூடாது என்றொரு வழக்கம் நம்மிடையே இருந்து வருகிறது. விசா கிடைத்த சேதியை உறவினர் அனைவருக்கும் தொலைபேசியில் சொல்லுகிறோம். அதே வாரத்தில் அம்மாவின் ஸ்கேன் முடிவு வந்தால், ‘பிள்ளை புறப்படுகிற நேரத்தில் இது எதற்கு?’ என்று பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறோம். போய்ச் சேர்ந்த நாலாம் மாதம் விஷயம் தெரிந்து பிள்ளை அங்கே தவிப்பதும், ‘சொல்லியிருந்தால் ஆறு மாதம் தள்ளிப் போட்டிருப்பேனே’ என்று புலம்புவதும் நம் வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் நடந்திருக்கிறது.

இந்தச் சிக்கல் ஊரில் உள்ளவர்களுக்கும் உண்டுதான். ஆனால் தில்லி, மும்பை, கொல்கத்தா என்று குடியேறிவிட்ட நமக்கு அது வேறு விதமாக வருகிறது. நம்மில் பலருடைய பெற்றோர் 1950களிலும் 60களிலும் தட்டெழுத்து, சுருக்கெழுத்துச் சான்றிதழ்களை டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறி வந்தவர்கள். அவர்கள் ஒரு தடவை ஊரை விட்டார்கள். இப்போது பிள்ளைகள் இரண்டாவது தடவை விடுகிறார்கள். இடையில் படுத்த படுக்கையாகிறவர் கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ இல்லை. மயூர் விஹாரிலோ செம்பூரிலோ ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் இருக்கிறார். சித்தப்பா வீடு அடுத்த தெருவில் இல்லை. மச்சினரைக் கூப்பிட்டால் வருவதற்கு இரண்டு நாள் ஆகும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லுகிறேன். பெயர்கள் வேண்டாம்.

பெரியவருக்கு வயது 74. மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மனைவி முன்பே காலமாகிவிட்டார். மகன் நொய்டாவில் கணினி வேலையில் இருப்பவர். மருமகள், எட்டு வயதுப் பேத்தி. கனடாவுக்கு நிரந்தரக் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்து, மருத்துவப் பரிசோதனையும் முடிந்து, அனுமதியும் வந்துவிட்டது. வீட்டுச் சாமான்களை யாருக்குக் கொடுப்பது என்று பேசிக்கொண்டிருந்த சமயம், ஒரு நாள் காலைக் காப்பியின்போது பெரியவரின் வாய் கோணியது, வலது கை விழுந்தது. பக்கவாதம்.

நல்ல வேளையாக உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மூளை ரத்தக் குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். முகம் கோணுதல், கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல் ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் ‘கொஞ்சம் படுத்துப் பார்க்கட்டும்’ என்று காத்திருக்கக் கூடாது. இதை அக்கம்பக்கத்தார் எல்லோரும் அறிந்திருப்பது நல்லது. பெரியவர் உயிர் பிழைத்தார். நடை ஓரளவு திரும்பியது. பேச்சுதான் போய்விட்டது.

கனடாவுக்குப் போய் இறங்குவதற்கு ஒரு கெடு உண்டு. அந்த அனுமதி பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனை நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குத்தான் செல்லும். இவர்களுக்கு மீதமிருந்தது நாலு மாதம். நாலு மாதத்துக்குள் போகாவிட்டால் மூன்று வருட முயற்சி வீண். போய்விட்டால் அப்பா?

சொந்தக்காரர்கள் தொலைபேசியில் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தார்கள். ‘பெற்றவரை விட்டுவிட்டுப் போவதாவது’ என்று ஒரு கட்சி. ‘கிடைத்ததைக் கோட்டை விடாதே, ஆள் வைத்துக்கொள்ளலாம்’ என்று ஒரு கட்சி. இந்த இரண்டு கட்சியும் கேட்காத கேள்வியை மகன் நரம்பியல் மருத்துவரிடம் கேட்டார். ‘அடுத்த ஆறு மாதம் எப்படி இருக்கும்? அடுத்த மூன்று வருடம் எப்படி இருக்கும்?’ இப்படிக் கேட்டதுதான் அவர் செய்த முதல் நல்ல காரியம் என்பது என் எண்ணம்.

ஏனென்றால் நோயின் பெயரை மட்டும் வைத்துப் பயணத்தைப் பற்றி முடிவு செய்ய முடியாது. அந்த நோயின் போக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கவாதத்தில் முன்னேற்றம் முதல் மூன்று மாதத்தில்தான் வேகமாக வரும். பிறகும் வரும், மெதுவாக. ஆகவே அந்த மூன்று மாதம் ஆள் கூட இருப்பது பொன் போன்றது. மார்பகப் புற்றுநோயின் கதை வேறு. அறுவை, மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாகப் பல சுற்று கீமோ, பிறகு சில வாரம் கதிர்வீச்சு என்று சிகிச்சைக்குப் பெரும்பாலும் ஒரு கால அட்டவணையே கிடைக்கும். பயணத்தை ஏழெட்டு மாதம் தள்ளிப் போட்டால் கடினமான பகுதி முடிந்துவிடும். அப்புறம் மாத்திரையும் பரிசோதனையும்தான். மறதி நோயும் பார்க்கின்சனும் இதற்கு நேர்மாறு. தொடக்கத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. வருடங்கள் போகப் போகத்தான் ஆள் தேவைப்படும். அந்த வீட்டில் ஆறு மாதம் தள்ளிப் போடுவதால் ஒரு பயனும் இல்லை. தேவைப்படுவது நீண்ட கால ஏற்பாடு. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் தொடங்கியவர் வீட்டிலோ கேள்வியே மாறிவிடும்: கிளம்புகிற பிள்ளையே சிறுநீரகம் கொடுக்கப் பொருத்தமானவராக இருக்கலாம். 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி நெருங்கிய உறவினர் கொடுப்பதுதான் நடைமுறையில் சுலபம். அதைப் பேசாமல் விமான டிக்கெட் வாங்குவது சரியில்லை.

தமிழில் வந்த பேச்சு

மேற்சொன்ன பெரியவர் விஷயத்தில் நம் போன்றவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய ஒரு தொல்லை வந்தது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் மிக நல்லவர். ஆனால் இந்தியும் ஆங்கிலமும்தான் அறிவார். படத்தைக் காட்டி ‘யே க்யா ஹை?’ என்று கேட்பார். பெரியவர் விழிப்பார். ஐம்பது வருடம் அலுவலகத்திலும் காய்கறிக் கடையிலும் பேசிய இந்தி அடியோடு போய்விட்டது. ‘முன்னேற்றம் இல்லை’ என்று அட்டையில் எழுதினார்கள்.

வீட்டில் மருமகள் ஒரு தட்டைக் காட்டி, “மாமா, இது என்ன?” என்று தமிழில் கேட்டுப் பார்த்தார். பதில் வரவில்லை. ஆனால் “ஒண்ணு, ரெண்டு” என்று எடுத்துக் கொடுத்ததும் இருபது வரை நிற்காமல் சொன்னார். கிழமைகளைச் சொன்னார். சிறு வயதில் மனப்பாடமான பாட்டைப் பேத்தி முனக, கூடவே முழு வரியும் பாடினார். இதில் அதிசயம் ஒன்றும் இல்லையாம். பேச்சு போனவர்களுக்கும் எண்ணிக்கை, கிழமை, பாட்டு போன்ற பழகிய தொடர்கள் தங்கியிருப்பது மருத்துவர்கள் அறிந்த விஷயம். அந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் பயிற்சி தொடங்கியது. தட்டு, டம்ளர், தேங்காய், வெற்றிலை என்று மருமகளே தமிழில் அட்டைகள் தயாரித்தார். பயிற்சி தந்த பெண்மணியும் பெருந்தன்மையுடன் அதை ஏற்று, முறையை மட்டும் தான் சொல்லிக் கொடுத்து, சொற்களைக் குடும்பத்திடம் விட்டுவிட்டார்.

மறதி நோய் கண்டவர்களிடமும் இதே போலப் பின்னால் கற்ற மொழி முதலில் நழுவி, தாய்மொழி கடைசி வரை நிற்பது உண்டு. ஆகவே ‘ஏஜென்சியில் நல்ல ஆயா கிடைத்திருக்கிறாள், கவலை இல்லை’ என்று நினைக்கிற பிள்ளைகள் யோசிக்க வேண்டும். ஜார்க்கண்டிலிருந்து வந்த அந்தப் பெண் எவ்வளவு நல்லவளாக இருந்தாலும், ‘தாகமா இருக்கு’ என்று தமிழில் முனகுகிறவரின் தேவை அவளுக்கு எப்படிப் புரியும்? தண்ணீர், வலி, சிறுநீர், குளிர், போதும் என்று ஒரு பத்துப் பதினைந்து தமிழ்ச் சொற்களை இந்தி எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்த வீட்டைப் பார்த்திருக்கிறேன். பத்து ரூபாய்ச் செலவில் செய்த பெரிய உதவி அது.

விதி என்ன சொல்லுகிறது

நாலு மாதக் கெடுவுக்கு வருவோம். கனடாவில் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர் ஐந்தாண்டுக் காலத்தில் 730 நாள் அங்கே இருந்தால் போதும். அதாவது கெடுவுக்குள் ஒரு தடவை போய் இறங்கிப் பதிவு செய்துகொண்டு, திரும்பி வந்து இங்கே இருக்கலாம்; மீதி நாளை எண்ணிக்கொண்டு பிறகு போகலாம். இந்த விதி ஏஜெண்டு கொடுத்த காகிதத்திலும் இருந்தது, யாரும் படிக்கவில்லை. அந்தக் குடும்பம் அப்படித்தான் செய்தது. நாக்பூரில் உள்ள மகள் மூன்று வாரம் வந்து அப்பாவுடன் இருந்தாள். இவர்கள் மூவரும் டொராண்டோ போய் இறங்கி, அட்டை வருவதற்கு நண்பர் ஒருவரின் முகவரியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். ராஜினாமாக் கடிதத்தை மகன் இன்னும் கொடுக்காதிருந்தது சௌகரியமாகப் போயிற்று. டிக்கெட்டுக்கு ஆன செலவு கொஞ்சமல்ல. ஆனால் அதைக் கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் அவகாசம் வாங்கினார்கள்.

ஒவ்வொரு நாட்டுக்கும் விதி வேறு. வேலைக்குப் போகிறவர்கள் சேரும் தேதியைத் தள்ளிக் கேட்கலாம், படிக்கப் போகிறவர்கள் அடுத்த பருவத்துக்கு இடத்தை மாற்றித் தரச் சொல்லலாம். மருத்துவச் சான்றோடு எழுதிக் கேட்டால் பல இடங்களில் கிடைக்கிறது. கேட்காமலே ‘கொடுக்க மாட்டார்கள்’ என்று நாமே முடிவு கட்டிக்கொள்ளுவதுதான் அதிகம். விதிகள் அடிக்கடி மாறுவதால், தெரிந்தவர் சொன்னதை நம்பாமல் அந்தந்த அரசின் அறிவிப்பையே படிப்பது உத்தமம்.

கூடப் போக வேண்டியவருக்கே நோய் என்றால் விஷயம் கடினம். ஆஸ்திரேலியாவின் நிரந்தர விசாக்களில் பெரும்பாலானவற்றுக்குக் குடும்பத்தில் ஒருவர் மருத்துவப் பரிசோதனையில் தேறாவிட்டாலும் அனைவருக்கும் மறுப்புத்தான். சில வகைகளில் மட்டும் விலக்குக் கேட்கலாம். சிகிச்சைச் செலவுக்கு அவர்கள் வைத்திருக்கும் வரம்பு 2024 ஜூலையில் 51,000 டாலரிலிருந்து 86,000 ஆஸ்திரேலிய டாலராக உயர்ந்தது. சில குடும்பங்களுக்கு இது கதவைத் திறந்திருக்கிறது. நோயுள்ள குழந்தையைக் காகிதத்தில் காட்டாமல் விட்டுவிட்டு அப்புறம் அழைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்லும் ஏஜெண்டுகளும் இருக்கிறார்கள். கனடாவில் அப்படி மறைத்த குழந்தையைப் பின்னால் அழைக்கும் வழி பொதுவாக அடைபட்டுவிடும். அந்த ஏஜெண்டு வீட்டுப் படியை மிதிக்காமலிருப்பதே மேல்.

‘நாங்கள் போய் நிலைகொண்டதும் அப்பாவை அழைத்துக்கொள்கிறோம்’ என்பதையும் சட்டத்தைப் படித்துவிட்டே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கிரீன் கார்டு வைத்திருப்பவர் பெற்றோரை நிரந்தரமாக அழைக்க முடியாது. குடிமகன் ஆன பிறகே முடியும். பிரிட்டனில் 2012 ஜூலைக்குப் பிறகு வயதான பெற்றோரை அழைப்பது அநேகமாக முடியாத காரியம் ஆகிவிட்டது. கனடாவில் சூப்பர் விசா உண்டு. 2022 ஜூலை முதல் அதில் ஒரு தடவைக்கு ஐந்தாண்டு வரை தங்கலாம். ஆனால் குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுத்தாக வேண்டும். பக்கவாதம் வந்த 74 வயதுக்காரருக்கு அந்தப் பிரீமியம் எவ்வளவு ஆகும் என்று விசாரித்தபின் மகன் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

காகிதங்கள்

இன்ஷூரன்ஸ் என்றதும் இன்னொன்று. கம்பெனி கொடுக்கும் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்த்திருப்பவர்கள், வேலையை விடும் நாளோடு பெற்றோரின் காப்பீடும் முடிகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற்றித் தரக் கேட்க வழி உண்டு. ராஜினாமாவுக்கு முன்பே கேட்க வேண்டும். புதிதாக எடுத்தால், முன்பே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் மூன்றாண்டு. முன்பு நாலாண்டாக இருந்தது. 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பாராமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கம் 2024 அக்டோபரில் வந்தது. சி.ஜி.எச்.எஸ். அட்டை உள்ள ஓய்வூதியர் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நம் பெரியவர் பழைய அட்டையையே வைத்துக்கொண்டார்.

பவர் பத்திரம் பற்றிப் பலரும் தவறாக நினைக்கிறார்கள். ‘அப்பா எனக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டார், எல்லாம் நான் பார்த்துக்கொள்வேன்’ என்பார்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி, அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலும் அல்லது சித்தம் தெளிவற்ற நிலைக்குப் போனாலும் அந்த அதிகாரம் முடிந்துவிடும். எந்த நாளுக்காகப் பத்திரம் எழுதினோமோ அந்த நாளில் அது உதவாது. அப்புறம் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். மறதி நோய் தொடங்கியிருக்கும் வீட்டில் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அவர் தெளிவாக இருக்கும்போதே உயிலையும் நாமினேஷனையும் முடித்துவிட வேண்டும். ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்ற முறையில் கூட்டுக் கணக்கும் வேண்டும். மகன் வெளிநாட்டுவாசி ஆன பின்பும் நெருங்கிய உறவினர் என்ற முறையில் அந்தக் கணக்கில் தொடர ரிசர்வ் வங்கி இடம் தருகிறது.

கடைசிக் காலத்தில் எந்த அளவுக்குச் சிகிச்சை வேண்டும் என்று முன்கூட்டி எழுதிவைக்கும் பத்திரத்தை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் கையெழுத்தே போதும் என்றது. நம் வீடுகளில் இதைப் பற்றி வாயெடுத்தாலே ‘வாயைக் கழுவு’ என்பார்கள். ஆனால் நள்ளிரவில் ஐ.சி.யு. வாசலில் ‘வென்டிலேட்டர் போடட்டுமா’ என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட இது மேலல்லவா?

யார் இருப்பது?

‘மகன் போகட்டும், மருமகள் இருந்து மாமனாரைப் பார்த்துக்கொள்ளட்டும்’ என்றும் அந்த வீட்டில் ஒரு பேச்சு வந்தது. இந்தப் பேச்சு எல்லா வீட்டிலும் வருகிறது. ஆபீஸும் குழந்தையும் இருக்கிற ஒரு பெண்ணின் தலையில் முழுச் சுமையையும் வைத்துவிட்டு, அதைத் தியாகம் என்று பாராட்டிவிட்டு விமானம் ஏறுவது எனக்கு ஒப்பவில்லை. பெரியவருக்கும் ஒப்பவில்லை. பேச்சு திரும்பிய ஐந்தாறு மாதத்தில் அவர் கோவையாகச் சொன்ன முதல் நீண்ட வாக்கியம், மகனைப் பார்த்து, “நீ எல்லாரையும் கூட்டிண்டு போடா. நான் வரலையா அப்போ?” என்பதுதான்.

அந்த ‘அப்போ’வின் கதை அந்த வீட்டுக்குத் தெரியும். 1974இல் அவருடைய தாயாருக்கு உடம்பு முடியாமல் போனபோது, ‘அம்மா கவலைக்கிடம், உடனே புறப்படு’ என்று தந்தி வந்தது. சென்னை வரை ஜி.டி.; அங்கிருந்து கும்பகோணத்துக்கு இன்னொரு ரயில். மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். எல்லாம் முடிந்திருந்தது. ஆகவே மகனைப் போகச் சொன்னவர் வலி தெரியாமல் சொன்னவர் அல்ல. மகனும் அதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டு மறுநாளே கிளம்பிவிடவில்லை.

இறங்கிவிட்டு வந்த பின் பதினாலு மாதம் இங்கேயே இருந்தார்கள். இடையில் பெரியவரைக் கோயம்புத்தூர்ப் பக்கம் முதியோர் குடியிருப்பு ஒன்றுக்கு அழைத்துப் போய்க் காட்டினார்கள். இடம் வெகு சுத்தம், எல்லோரும் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் பெரியவருக்குத் தெரிந்தவர் ஒருவரும் அங்கே இல்லை. அவருடைய ஊர் இப்போது கும்பகோணமும் அல்ல, கோயம்புத்தூரும் அல்ல. மலை மந்திரும், மாலையில் பூங்கா பெஞ்சில் உட்காரும் நாலு ஓய்வூதியர்களும்தான் ஊர். மறுத்துவிட்டார். முடிவில், நாக்பூர் மகள் வருடத்தில் நாலு மாதம் வருவது, மகன் குடும்பம் கோடை விடுமுறையில் வருவது, மற்ற நாளில் பகலிலும் இரவிலும் ஆள் என்று ஏற்பாடாயிற்று. நவம்பர் மாத உயிர்ச் சான்றிதழுக்கு வங்கி வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கைப்பேசியில் முகத்தைக் காட்டியே கொடுக்கும் முறை 2021இல் வந்துவிட்டது.

எவ்வளவு ஏற்பாடு செய்தாலும் வானம் மூடிக்கொள்ளும் நாளும் உண்டு. 2020 மார்ச்சில் பன்னாட்டு விமானங்கள் நின்றபோது, டிக்கெட் வாங்கப் பணமிருந்தும் வர முடியாமல் போன பிள்ளைகளை நாம் பார்த்தோம். ஐஸ் பெட்டியைச் சுற்றி அண்டை வீட்டார் நிற்க, மகன் கைப்பேசித் திரையில் அழுத காட்சி பலருக்கு நினைவிருக்கும். அந்த நாளில் ஓடி வந்தவர்கள் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக் குடும்பமும், சங்கத்துப் பையன்கள் சிலரும்தான்.

நம் பெரியவர் வீட்டுச் சாவி இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது: எதிர் வீட்டு அம்மாளிடம் ஒன்று, பூங்கா நண்பரிடம் ஒன்று, நம் பகுதித் தமிழ் அன்பர் ஒருவரிடம் ஒன்று. தில்லி காவல்துறையின் மூத்த குடிமக்கள் பிரிவில் பெயரைப் பதிந்து, அவர்களுடைய 1291 என்ற எண்ணையும், நாடு முழுவதற்குமான முதியோர் உதவி எண் 14567ஐயும் தொலைபேசி மேல் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். மருந்துப் பட்டியலும் டிஸ்சார்ஜ் காகிதங்களும் ஒரு பச்சைக் கோப்பில், வாசல் அருகே ஆணியில் தொங்குகின்றன. ஆஸ்பத்திரியில் காகிதம் தரத் தயங்கினால், எழுதிக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி என்று எடுத்துச் சொல்லலாம்.

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அவருக்கு நரம்பியல் ஓ.பி.டி. இருக்கிறது. டாக்டர் இந்தியில் கேட்பதைத் தமிழில் சொல்லி, இவர் தமிழில் சொல்வதை இந்தியில் சொல்ல ஒருவர் கூடப் போக வேண்டும். இதுவரை நம் அன்பர்கள் நாலு பேர் முறை வைத்துப் போய் வருகிறார்கள். காலை எட்டு மணிக்குச் சீட்டு வாங்கினால் ஒரு மணிக்குள் வீடு திரும்பிவிடலாம். டொராண்டோவில் அப்போது பின்னிரவு. மகன் விழித்திருந்து, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்டுதான் தூங்கப் போகிறார்.